ஓரண் நிலமும் சூரிய மின்சாரமும்

2070-ஆம் ஆண்டுக்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றைச் சாராத மின்உற்பத்தித் திறனை 5 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதும் அப்போது அளிக்கப்பட்ட வாக்குறுதி. இலக்கு தேவையானது என்பதில் இரு வேறு கருத்துகள் இருக்க முடியாது. அதற்காக ஒதுக்கப்படும் நிலத்தை நம்பி யார் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் தில்லியில் உரிய இடம் கிடைக்கவில்லை.

மேற்கு ராஜஸ்தானையே எடுத்துக்கொள்வோம். 2,245 மெகாவாட் திறன் கொண்ட பட்லா சூரிய மின் பூங்கா அங்குதான் உள்ளது. ஜெய்சால்மர், பார்மர், பிகானீர் பகுதிகளிலும் மின் திட்டங்கள் பெருகி வருகின்றன. இதே மண்ணில்தான் பல தலைமுறைகளாகக் கிராம மக்கள் காத்துவரும் 'ஓரண்' நிலங்களும் உள்ளன. உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட இந்த நிலங்களில் மரம் வெட்டுவதில்லை. நம் ஊர் வன்னி மரம் அங்கே 'கேஜ்ரி'. ஆடு, மாடு, ஒட்டகங்களுக்கு மேய்ச்சலும், மழைநீர் தேங்கும் குளங்களும் ஓரண்களில்தான். மழை பொய்த்த ஆண்டில் கால்நடைகளுக்குக் கடைசிப் புகலிடமும் அவையே.

பருவநிலைக் கொள்கையின் மொழியில், சூரிய மின்சாரம் 'தணிப்பு' நடவடிக்கை. வறட்சியைத் தாங்க உதவும் ஓரண் 'தகவமைப்பு'. 2008 ஜூனில் வெளியான தேசிய செயல்திட்டம் சூரிய சக்திக்கு ஓர் இயக்கம், தண்ணீருக்கு ஓர் இயக்கம், வேளாண்மைக்கு ஓர் இயக்கம் என எட்டு இயக்கங்களை வகுத்தது. கோப்புகளில் இவை தனித்தனியே நகர்கின்றன. கிராமத்திலோ இரண்டுக்கும் இருப்பது ஒரே நிலம். வெப்பமயமாதலைத் தடுக்கும் பெயரில், வெப்பத்தைத் தாங்கி வாழ மக்கள் உருவாக்கிய ஏற்பாடே பறிபோகிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? வருவாய்த் துறை ஆவணங்களில் பல ஓரண்கள் அரசுத் தரிசாகவே பதிவாகியுள்ளன. தனியார் நிலமானால் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி இழப்பீடு, சமூகத் தாக்க மதிப்பீடு என்றெல்லாம் பேச வேண்டும். அரசு நிலத்தை ஒதுக்க அந்தக் கட்டாயம் இல்லை. சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. ஆகவே, மேய்ச்சல்காரர் தம் தரப்பைச் சொல்ல ஒரு பொது விசாரணைகூடக் கிடையாது.

நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. கிராமப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என 2011-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையை, கானமயில் வழக்கில் 2024 மார்ச்சில் அங்கீகரித்தது. ஓரண்களை அளந்து அறிவிக்கை செய்யுமாறு அதே ஆண்டு டிசம்பரில் ராஜஸ்தானைப் பணித்தது. ஆனால், ஒவ்வொரு கிராமமும் உச்ச நீதிமன்றத்தின் படியேற முடியுமா?

அதற்கான தேவையே எழுந்திருக்கக் கூடாது. 73-ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த பதினோராவது அட்டவணையில் மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது. நீர்வள மேலாண்மை, தீவனம், சமூகச் சொத்துகளின் பராமரிப்பு ஆகியவையும் இருக்கின்றன. தணிப்பையும் தகவமைப்பையும் ஒருசேரப் பார்க்கும் இடமாக ஊராட்சி இருக்க முடியும் என்பதே இதன் பொருள். கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள மீனங்காடி ஊராட்சி, கரியமிலச் சமநிலையை எட்டும் முயற்சியை 2016-இல் தொடங்கியது. மரங்களை ஈடாக வைத்து விவசாயிகள் வட்டியில்லாக் கடன் பெறவும் அங்கு வழி செய்யப்பட்டது. மரமும் நின்றது, வருவாயும் வந்தது.

கிராம சபையைக் கேட்டால் திட்டங்கள் தாமதமாகும் என்பது அதிகாரிகளின் வாதம். கேட்காமல் தொடங்கிய திட்டங்கள் போராட்டத்திலும் வழக்கிலும் சிக்குவது அதைவிடப் பெரிய தாமதம் அல்லவா? நிலத்தை ஒதுக்கும் முன் பொது நிலங்களைக் கிராம சபையுடன் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் சிறு மின் நிலையம் அமைக்க 2019-இல் தொடங்கப்பட்ட 'குசும்' திட்டத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். பெரிய பூங்காக்களின் வருவாயில் ஊராட்சிக்குப் பங்கு வேண்டும்.

மெகாவாட் கணக்கு தில்லிக்கு முக்கியம். அதே ஏட்டில் இழந்த மேய்ச்சல் நிலத்தின் கணக்கும் எழுதப்படட்டும்.