பெட் கிடைத்தது சரி... அதற்குப் பிறகு என்ன நடந்தது?

2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: ‘ஆக்சிஜன் பெட் எங்க இருக்கு?’ சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. பெட் கிடைத்தால் போதும், பிழைத்த மாதிரி என்று நினைத்தோம்.

அது பாதிக் கணக்குதான். பெட் கிடைத்தவர்களுக்கு உள்ளே என்ன சிகிச்சை கிடைத்தது என்பதை நாம் இன்றுவரை ஒழுங்காகக் கேட்கவே இல்லை.

இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்தால்?

எந்த ஆஸ்பத்திரி நன்றாகப் பார்த்தது என்று கேட்டால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். உதாரணத்துக்கு, ஒரு தனியார் மருத்துவமனை 100 பேரைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைமை மோசமான 10 பேரை ‘ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போயிடுங்க’ என்று அனுப்பிவிடுகிறது. மீதி 90 பேரும் குணமாகி வீடு திரும்புகிறார்கள். அங்கே இறப்பு பூஜ்யம். அந்த 10 பேரில் 4 பேரைக் காப்பாற்ற முடியாமல் போனால், அரசு மருத்துவமனையின் கணக்கில் 40 சதவீதம்!

வயது, கூடவே இருந்த நோய்கள், வந்து சேர்ந்தபோது ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அப்படியென்றால் எதை அளப்பது?

முதலில், நேரம். வாசலில் வந்து இறங்கியதிலிருந்து முகத்தில் மாஸ்க் மாட்டும்வரை எத்தனை நிமிடம் ஆனது?

இரண்டாவது, கடைசி பெட்டில் ஆக்சிஜன் அழுத்தம். டேங்க் நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. சாதாரண மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 5 முதல் 10 லிட்டர் போதும்; ‘ஹை ஃப்ளோ’ கருவி 60 லிட்டர் வரை இழுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால், குழாயின் கடைசியில் இருப்பவருக்கு அழுத்தம் விழுந்துவிடும். 2021 மே 4 இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல்தான் இறந்தார்கள் என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடே இல்லை என்றது நிர்வாகம். ஒவ்வொரு வார்டிலும் மணிக்கொரு முறை அழுத்தத்தைக் குறித்துவைத்து, அதை வெளியிடும் வழக்கம் இருந்தால், இந்த மாதிரி சந்தேகங்களுக்குச் சட்டென்று பதில் கிடைக்கும்.

மூன்றாவது, சரியான மருந்து. ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரி பகலாக வரிசையில் நின்றோம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. பலன் தந்தது விலை மலிவான டெக்சாமெதசோன். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு 2020 ஜூனில் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்றும் சொன்னது. ஆக, தேவையானவருக்குக் கொடுத்தார்களா, தேவையில்லாதவருக்குக் கொடுக்காமல் இருந்தார்களா? தரம் என்பது இதுதான்.

நான்காவது, ஆள். வென்டிலேட்டரை ஒரே வாரத்தில் வாங்கி இறக்கிவிடலாம். ராத்திரி 2 மணிக்கு அதன் அலாரம் அடித்தால் ஓடிவர ஒரு நர்ஸ் வேண்டுமே? அவரை ஒரே வாரத்தில் உருவாக்க முடியாது.

டாக்டர்களிடம் கணக்குக் கேட்பதா?

‘உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர்களிடம் இப்படிக் கேட்கலாமா’ என்று சிலர் கோபப்படலாம். உண்மையில் இந்தக் கணக்கு அவர்களுக்குத்தான் பாதுகாப்பு. ஒரே நர்ஸிடம் 20 நோயாளிகளை ஒப்படைத்திருந்தால், தவறு அந்த நர்ஸுடையது அல்ல, டூட்டி போட்ட நிர்வாகத்துடையது என்பது அப்போதுதான் எழுத்தில் வரும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், தாமதம் வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா என்று ஆய்வு செய்யும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பேறுகால இறப்புகள் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கொரோனா நேரத்தில், சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளை ஒரு குழு கண்டுபிடித்து, 2020 ஜூலையில் கணக்கில் சேர்த்தது. அது ‘எத்தனை பேர்’ என்ற கேள்விக்கான பதில். ‘ஏன்’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தாய்மார்களுக்குச் செய்வதைப் பெருந்தொற்றில் இறப்பவர்களுக்கும் செய்ய வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு, முடிவுகளை மட்டும் பொதுவில் வைக்கட்டும். அடுத்த அலை வரும்போது ‘பெட் இருக்கா?’ என்று கேட்பதோடு, ‘போன தடவை என்ன கத்துக்கிட்டீங்க?’ என்றும் நாம் கேட்க வேண்டும்.