திறந்து கிடந்தால் போதுமா, யாராவது படிக்க வேண்டாமா?

"சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்து கிடக்கு, அதனால பத்திரம்." நம்ம பசங்க லினக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் இந்த வசனம் வந்துவிடும். நானும் ஓப்பன் சோர்ஸ் கட்சிதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் திறந்து கிடப்பது வேறு, அதை ஒருவர் உட்கார்ந்து படிப்பது வேறு.

ரயில் டிக்கெட்டோ நெட் பேங்கிங்கோ, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை வழியில் யாரும் படிக்காமல் கொண்டுசேர்ப்பது டிஎல்எஸ் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு தளமும் இதைத் தானே எழுதிக்கொள்வதில்லை (எழுதவும் கூடாது). ஏற்கெனவே இருக்கும் லைப்ரரியை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் ரொம்பப் பிரபலமானது ஓப்பன்எஸ்எஸ்எல்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? விஷயம் ரொம்பச் சின்னது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் ஏதோ ஒரு சொல்லை அனுப்பும், மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே "என் சொல் இத்தனை பைட் நீளம்" என்றும் சொல்லும். நான்கே எழுத்தை அனுப்பிவிட்டு 64 கேபி என்று புளுகினால்? ஓப்பன்எஸ்எஸ்எல் அதை அப்படியே நம்பி, நான்கு எழுத்துக்குப் பின்னால் மெமரியில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தது. அடுத்தவன் பாஸ்வேர்டும் அதில் இருக்கலாம். தளத்தின் ரகசியச் சாவியையே இப்படி எடுக்க முடியும் என்று கிளவுட்ஃப்ளேர் வைத்த போட்டியில் சிலர் செய்தே காட்டினார்கள். தேவைப்பட்டது ஒரே ஒரு நீளச் சோதனை. அவ்வளவுதான்!

அந்தக் கோடு 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பிலிருந்தே எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. இரண்டு வருஷம். எழுதியவர் அப்போது ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவர். அவரைத் திட்டிப் பயனில்லை, அந்த மாதிரித் தவறு யாருக்கும் வரும். அதைப் பிடிக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் அந்த லைப்ரரியின் மேல்தான் கடை விரித்திருந்தன!

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது டெபியன் கதை. 2006இல் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளைக் குறை சொன்னது. டெபியனில் அந்தப் பொதியைப் பராமரித்தவர், ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களின் மடற்குழுவில் கேட்டுவிட்டுத்தான் அவற்றை நீக்கினார். அதில் ஒரு வரிதான் சாவி தயாரிக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலந்துகொண்டிருந்தது. அது போனதும் மிச்சம் நின்றது ப்ராசஸ் எண் ஒன்றுதான். அதாவது, யாரும் ஊகிக்கவே முடியாததாக இருக்க வேண்டிய சாவி, வெறும் 32,768 வாய்ப்புகளுக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம். 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. உபுண்டுவும் டெபியனிலிருந்து வந்ததால் அதற்கும் இதே கதி.

இங்கே சோம்பேறித்தனம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. கருவி வைத்துச் சோதித்தார், கேட்கவும் செய்தார். ஆனால் அந்த வரி ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு தெளிவாக எழுதியிருந்தால் இந்த வினையே இல்லை. மறைகுறியாக்கத்தில் இதுதான் தொல்லை. மற்ற நிரலில் தப்பு நடந்தால் திரையில் தெரியும். இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும், பூட்டுப் படமும் வரும், பூட்டு மட்டும் பூட்டியிருக்காது.

ஹார்ட்பிளீடுக்குப் பிறகு நல்லது நடந்தது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பெரிய கம்பெனிகள் பணம் போட்டன. ஓப்பன்பிஎஸ்டி ஆட்கள் பழைய கோடை வெட்டித் தள்ளி லிப்ரெஎஸ்எஸ்எல் தொடங்கினார்கள். அமேசான் 2015இல் எஸ்2என் என்று சுமார் 6,000 வரியில் ஒன்றை வெளியிட்டது. 2017இல் ஃபயர்பாக்ஸ் 57இல், சரி என்று கணித முறையில் நிரூபித்த மறைகுறியாக்கக் கோடே சேர்ந்தது. ரஸ்ட் மொழியில் எழுதிய ரஸ்ட்எல்எஸ்ஸில் ஹார்ட்பிளீட் வகைத் தவறுக்கு மொழியே பெரும்பாலும் இடம் கொடுக்காது. ஆனால் டெபியனில் நடந்ததை ரஸ்ட் தடுத்திருக்காது. அங்கே மெமரி தப்பு எதுவும் இல்லையே!

அதனால் என் கட்சி இதுதான்: ஒரு லைப்ரரியை நம்பலாமா என்று கேட்கும்போது லைசென்ஸைப் பார்க்காதீர்கள். ஒரு மாற்றம் உள்ளே போகும் முன் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டா, எத்தனை டெஸ்ட் இருக்கிறது, இதைப் பாருங்கள். 2024இல் எக்ஸ்இசட் லைப்ரரியில் புறவாசல் வைத்தவர், தனி ஆளாகத் தவித்த பராமரிப்பாளருக்கு உதவுகிறேன் என்றுதான் உள்ளே நுழைந்தார். எஸ்எஸ்எச் அரை நொடி தாமதிக்கிறதே என்று ஒரு நிரலாளர் தோண்டியதால் மாட்டியது. இல்லையென்றால் எத்தனை சர்வர்கள் போயிருக்குமோ.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு இன்னொரு லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் (புத்தக லைப்ரரிதான்!) செய்யப் போகும் மக்களே, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரே ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு அதற்கு டெஸ்ட் எழுதினால் என்ன? கைடு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். உங்கள் கல்லூரியில் யாராவது இப்படிச் செய்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.