தன்னையே கூப்பிட்டுக்கொண்ட கணக்குப்பிள்ளை

உங்கள் வீட்டிலோ, மகளிர் குழுவிலோ கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவர் யாராவது இருக்கிறார்களா? அப்படியானால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். விஷயம் உபயோகமானது; ஒரு பெண்ணின் நல்ல பெயரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் சதுரங்கப்பட்டினத்தில் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்பாக்கத்தை ஒட்டி, கடற்கரையில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறதே, அந்த ஊர்தான். கோட்டையையும், உள்ளே இருக்கும் சமாதிக் கற்களின் சித்திர வேலையையும் நிதானமாகப் பார்த்து வரலாம் என்று போனேன். வாசலிலேயே சித்தி பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நாளைக்குக் குழுக் கூட்டம். கணக்கைத் திறந்தா திறக்குது. ஒரு தொகையை அடிச்சதும் அப்படியே நின்னு, எல்லாம் மறைஞ்சு போயிடுது. நான் வேணும்னே கணக்கை மறைக்கிறேன்னு ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

பதினைந்து பெண்களின் சேமிப்பும் கடனும் தவணையும் ஒரே எக்ஸெல் கோப்பில் இருந்தன. அடுத்த தெருவில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் அதில் ஒரு மாக்ரோ எழுதிக் கொடுத்திருந்தான். மாக்ரோ என்றால் பயந்துவிடாதீர்கள். "இப்படி நடந்தால் இப்படிச் செய்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் கட்டளைதான் அது. சம்பளமில்லாத கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! எக்ஸெலுக்குள் இதற்கென்று விஷுவல் பேசிக் மொழி 1993-லிருந்தே இருக்கிறது.

முதல் வேலையாகக் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்தோம். அசலைத் தொடவே இல்லை. பிறகு கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே எக்ஸெலைத் திறந்தோம். "பத்திர முறையில் திறக்கட்டுமா?" என்று கேட்டது, சரி என்றோம். வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் துணைச் சாமான்கள் எதுவும் இல்லாமல், எக்ஸெல் மட்டும் தனியாக ஓடியது. சமர்த்தாகவே ஓடியது. ஆகவே எக்ஸெல்மீது குற்றமில்லை.

அடுத்து, சாதாரணமாகத் திறந்து பிரதியை எடுத்தோம். மாக்ரோவை அனுமதிக்கலாமா என்று மேலே மஞ்சள் பட்டை ஒன்று கேட்டது. அதை அழுத்தாமல் ஒரு தொகையை அடித்தோம். ஒன்றும் ஆகவில்லை! அனுமதி கொடுத்து மறுபடி அடித்தோம். பொத்தென்று விழுந்தது. திருடன் அகப்பட்டுக்கொண்டான்.

பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். இத்தனை நாள் அந்த மாக்ரோ, தொகை எழுதினால் பக்கத்தில் தேதி மட்டும் போட்டுக்கொண்டிருந்ததாம். போன மாதம், பைசாவை நீக்கி முழு ரூபாயாக்கும் வரி ஒன்றைச் சேர்த்தானாம். வந்தது வினை!

கணக்குப்பிள்ளையிடம், "இந்தப் பத்தியில் யார் எதை எழுதினாலும் உடனே திருத்து" என்று சொல்லியிருக்கிறோம். அவர் 250 ரூபாய் 40 பைசாவை 250 என்று திருத்துகிறார். அதுவும் எழுத்துத்தானே? உடனே அதைத் திருத்த மறுபடி கிளம்புகிறார். அந்தத் திருத்தத்தைத் திருத்த மறுபடியும். முதல் வேலை முடியாமல் இரண்டாவது, இரண்டாவது முடியாமல் மூன்றாவது. கடைசியில் இடமில்லாமல் மயக்கம் போட்டு விழுகிறார். சொன்னதைச் செய்ததைத் தவிர அவர் வேறு பாவம் அறியார்!

வைத்தியம் இரண்டே வரி. திருத்துவதற்கு முன், "இனிச் சற்று நேரம் எதையும் கவனியாதே" என்று 'எனேபிள் ஈவண்ட்ஸ்' என்பதை மூட வேண்டும். திருத்தியபின் திறக்க வேண்டும். நடுவில் பிழை வந்து நின்றாலும் திறந்துவிட ஒரு வழி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருப்பார். பையன் அசடு வழியச் சிரித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் சரிசெய்தான்.

அவன் வருமுன்பே நாங்கள் இன்னொன்றும் செய்துவிட்டோம். பிரதியை மாக்ரோ இல்லாத கோப்பாக, அதாவது 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்' என்ற வகையில் சேமித்தோம். மாக்ரோ போய்விடும், எழுதிய தொகைகள் அப்படியே இருக்கும். கூட்டத்துக்கு அதுவே போதும்.

இன்னும் சில சங்கதிகள். மாக்ரோ நிற்காமல் ஓடினால் எஸ்கேப் கீயையோ, கண்ட்ரோலும் பிரேக்கும் சேர்த்தோ அழுத்திப் பாருங்கள். மாக்ரோ மாற்றியதைச் சாதாரணமாக 'அண்டூ' செய்ய முடியாது. ஆகவே ஓட்டுமுன் பிரதி அவசியம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் மஞ்சள் பட்டையைத் தொடாதீர்கள். 1999-ல் மெலிஸா என்ற வைரஸ் வேர்டு மாக்ரோவில் ஏறித்தான் உலகம் சுற்றியது.

விழுந்தால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். விழுகிற கணக்காவது, "என்னைப் பார்" என்று சொல்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனாக் கணக்கைத் தானாகவே பழைய எக்ஸெல் கோப்பில் நிரப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் கோப்பில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. சத்தமே இல்லாமல் 15,841 நோயாளிகள் கணக்கிலிருந்து விடுபட்டார்கள்! ஆகவே கணக்குப்பிள்ளை எத்தனை சமர்த்தானாலும், மாதம் ஒருமுறை கூட்டுத் தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மறுநாள் கூட்டத்தில் சித்தி பெண் கணக்கை அச்செடுத்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தாள். முணுமுணுத்த இருவரில் ஒருவர் தம் வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு, "எனக்கும் இதைக் கத்துக்கொடேன், கண்ணு" என்றார்.

கோட்டையைத்தான் பார்க்க முடியவில்லை. அது எங்கேயும் போய்விடாது. அவள் பெயர் போயிருந்தால் திரும்பி வந்திருக்குமா, சொல்லுங்கள்?