பிள்ளைகளை ஓடவிட்டுப் படமெடுப்போம்

எம்மவர் வீடுகளின் வரவேற்பறைச் சுவரிலே ஒரு குடும்பப் படம் தவறாமல் தொங்கும். தந்தை கோட் அணிந்திருப்பார். தாய் பட்டுச்சேலை உடுத்தியிருப்பார். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஊரிலுள்ள அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அதன் பிரதியே போய்ச் சேருகின்றது. "நாம் இங்கு நன்றாக இருக்கின்றோம்" என்று அது சொல்லவேண்டும் என்பதே எமது விருப்பம். அவ்விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், பேரப்பிள்ளையை ஒருநாளேனும் கையில் ஏந்தியிராத அம்மம்மாவுக்கு, அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்பதை அப்படம் சொல்கின்றதா?

ஆடாமல் அசையாமல் நிற்கும் வழக்கத்திற்கு ஒரு காரணம் இருந்தது. 1839 இல் பிரான்சில் டாகேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. பின்னர் ஆட்களைப் படமெடுத்தவர்கள், தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். இன்று நல்ல வெளிச்சத்தில் கைத்தொலைபேசியே ஒரு செக்கனின் 500 இல் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்துவிடும். தாங்கி போய்விட்டது, "நேராய் நில், சிரி" என்ற அதட்டல் மட்டும் போகவில்லை. அதட்டிப் பெற்ற சிரிப்பு பல்லில் தெரியும்; கண்ணில் தெரியாது.

ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வோம். ரொறன்ரோவில் ஒக்ரோபர் மாதத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும்போது, வீட்டருகே உள்ள சிறு பூங்காவே போதுமானது. நண்பகல் வெயில் கண்களின் கீழே கருநிழல் விழுத்தும். சூரியன் சாய்வதற்கு முந்திய ஒரு மணி நேரமே முகத்திற்கு இதமானது. மப்பான நாளும் நல்லதே. புதுச் சப்பாத்து கடித்தால் பிள்ளை முகம் சுளிக்கும். பழகிய உடுப்பே போதும். பசியாற்றிய பின்னரே புறப்படவேண்டும். படமெடுப்பவர் முழந்தாளிட்டுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கவேண்டும்; நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தோன்றும். சிரிக்கச் சொல்லாது ஏதேனும் ஒன்றைச் செய்யவிடுவோம். இலை பொறுக்கட்டும், தந்தையின் தோளில் ஏறட்டும், தாயை நோக்கி ஓடிவரட்டும். பத்துப் படங்களில் ஒன்பது பழுதானாலும் ஒன்று தேறும்.

படமெடுப்பவரும் படத்தில் இருக்கவேண்டும். எப்போதும் ஒருவரே எடுப்பதால், பிள்ளையின் குழந்தைப் பருவத்தில் அவர் இல்லாதது போலாகிவிடுகின்றது. நண்பர் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, நாமும் விளையாட்டில் சேர்ந்துகொள்வோம்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோதும், 2009 இல் வன்னியில் பதுங்குகுழி விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியபோதும், எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் கைவிடப்பட்டன. இறந்துபோன தந்தையின் முகத்தைக் காட்ட அடையாள அட்டைப் படமொன்றே எஞ்சிய வீடுகள் எம்மிடையே உண்டு. "அப்பா எப்படிச் சிரிப்பார்?" என்று பிள்ளை கேட்டால், அந்தப் படத்தில் அதற்கு விடை இல்லை.

எம் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம். கைத்தொலைபேசி தொலைந்தால் படங்களும் தொலையும். நல்லவற்றைத் தெரிந்து அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் இடமும் திகதியும் எழுதுவோம். ஒரு பிரதி எம் வீட்டிலும் ஒன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். இன்னொன்று ஊருக்குப் போகட்டும். அதைப் பார்க்கும் அம்மம்மா, "தாயைப் போலத்தான் இவனும் ஓடுறான்" என்று அயலவருக்குக் காட்டட்டும்.