ஆள் வாடகைக்கு விட்ட 'அறிவொளி' மன்னர்

ஹெஸ்ஸே-காசல் என்ற குட்டி ஜெர்மன் நாட்டை 1760 முதல் 1785 வரை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக்கை 'அறிவொளி மன்னர்' என்று புகழ்பவர்கள், 1779-ல் அவர் திறந்த ஃபிரிடெரிசியானம் அருங்காட்சியகத்தைக் காட்டுவார்கள். சரி, கஜானா எப்படி நிரம்பியது?

1776-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, அமெரிக்கப் போருக்குத் தன் படையை வாடகைக்கு அனுப்பினார். போனவர்கள் சுமார் 19,000 பேர். ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பவில்லை.

"அந்தக் காலத்து வழக்கம்தானே, வரியும் குறைந்ததே" என்பார்கள். வரி குறைந்தது உண்மைதான். ஆனால் மகனைப் பறிகொடுத்த குடியானவனிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

வாரிசு கதை இன்னும் மோசம். ஃபிரெடரிக் கத்தோலிக்கராக மாறியதால், மகன் வில்லியமை அவரிடமிருந்து பிரித்து வளர்த்தார்கள். ஹானாவை ஆண்ட அந்த மகனும் பிரிட்டனுக்கு ஆள் அனுப்பினார்! மதம் பிரித்தவர்களைப் பணம் சேர்த்துவிட்டது. 1785-ல் அப்பாவின் பெரும் சொத்து அவருக்கு வந்தது. 1803-ல் எலெக்டர் பட்டமும் கிடைத்தது. 1806-ல் நெப்போலியன் படை நுழைந்ததும் ஓடிப்போனார். 1813-ல் திரும்பி வந்தாலும், 1866-ல் பிரஷ்யா நாட்டையே விழுங்கிவிட்டது.

ஊரான் சண்டைக்கு ஆள் அனுப்பிய வம்சம், சொந்த மண்ணைக் காக்கவில்லை. இதற்குப் பெயர் அறிவொளியா?