பழைய காருக்குப் புது பாட்டரி: கணக்குப் பார்த்துக் கை வையுங்கள்

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் ஊர் அண்ணாச்சி ஒருவர், சென்ற வாரம் என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார். திருநெல்வேலிக்கு டிக்கெட் வேண்டும் என்றார். "என்ன அண்ணாச்சி, கார் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்டிருக்க வேண்டாம். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் பழைய கார் ஒன்று வாங்கினார். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் "ஹைபிரிட்" வண்டி. புதிதாக வாங்கினால் நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாத விலை. பழசாகிவிட்டதால் மலிவாகக் கிடைத்தது. இப்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டி கிளம்ப மறுக்கிறது. ஒரு ஒர்க்ஷாப், பாட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று லட்சக் கணக்கில் சொல்கிறது. இன்னொருவர், கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றித் தருகிறேன், அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள் என்கிறார். மூன்றாமவர் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.

இது அண்ணாச்சி ஒருவரின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் டொயோட்டாவின் பிரியஸ் 2010-லும், பிடதியில் தயாரான காம்ரி ஹைபிரிட் 2013-லும் விற்பனைக்கு வந்தன. 2022-ல் இன்னோவா ஹைகிராஸ் வந்த பிறகு கேரளச் சாலைகளில் இவ்வகை வண்டிகள் பெருகிவிட்டன. அந்தக் கம்பெனி இந்த பாட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஆக, 2031-ஐ ஒட்டி இந்த வண்டிகள் உத்தரவாதம் முடிந்து பழைய கார் சந்தைக்கு வரும். வாங்கப் போகிறவர்கள் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களும் சிறு வியாபாரிகளும்தான்.

முதலில் சோதனை

விளக்கு எரிந்தவுடன் பெரிய பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இந்த வண்டிகளில் சாதாரண 12 வோல்ட் பாட்டரியும் தனியாக உண்டு. அது பலவீனமானாலும் வண்டி கிளம்பாது. பல எச்சரிக்கை விளக்குகள் எரியும். பெரிய பாட்டரியைக் குளிர வைக்கும் காற்று வழி பல மாடல்களில் பின் சீட்டருகே இருக்கிறது. தூசியும் நூலும் அடைத்தால் பாட்டரி சூடேறிக் கெடும். செல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் களிம்பு பிடித்தாலும் கோளாறு வரும். கடல் காற்று வீசும் திருவனந்தபுரத்தில் இது அதிசயமல்ல. எனவே ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டேஜையும் அளந்து எழுதிய சோதனைச் சீட்டைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் நாமே திறந்து பார்க்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். உள்ளே இருப்பது 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரம், ஆளைக் கொல்லும்.

ஒரு துண்டை மட்டும் மாற்றும் யோசனை எப்படி? 2003-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் 28 தொகுதிகள், தொகுதிக்கு 6 செல்கள், மொத்தம் 168 செல்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மாற்றலாம். ஆனால் மற்ற 27-க்கும் அதே வயது, அதே வெயில், அதே உழைப்பு. இன்று ஒன்று போனால் ஆறு மாதத்தில் அடுத்தது போகும். வண்டியைச் சீக்கிரம் விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் இது வழி. அப்போதும் வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

ரயில்வே கணக்கு

எங்கள் ரயில்வேயில் ஒவ்வொரு சாமானுக்கும் ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரம்பூரில் உருவான ஐ.சி.எஃப். மாதிரிப் பெட்டிக்கு 25 ஆண்டு, எல்.எச்.பி. பெட்டிக்கு 35 ஆண்டு. பத்து வருஷப் பெட்டிக்குப் புது பாட்டரி போடுவதில் யாரும் தயங்க மாட்டார்கள். அடுத்த வருஷம் கழிக்கப் போகும் பெட்டிக்குப் போட்டால் ஆடிட்டில் கேள்வி வரும். செலவைப் பார்க்கும் முன் மிச்சமுள்ள ஆயுளைப் பார் என்பதுதான் இதன் சாரம்.

அண்ணாச்சிக்கும் அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். உதாரணத்துக்குப் பாட்டரி 3 லட்சம், கார் இன்னும் 6 வருஷம் உழைக்கும் என்றால், வருஷத்துக்கு 50,000 ரூபாய். அவர் ஓடுவது வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான். சாதாரணக் கார் லிட்டருக்கு 11, இவருடையது 18 என்று வைத்தால், மிச்சமாகும் பெட்ரோல் 212 லிட்டர். லிட்டர் 107 ரூபாய் என்றாலும் ஏறத்தாழ 22,700 ரூபாய்தான். பெட்ரோல் மிச்சத்தை நம்பி பாட்டரி போடுவது நஷ்டம். "அப்போ என்னடே பண்ணச் சொல்லுத?" என்றார். உள்ளதைச் சொல்லி விற்றுவிட்டு, மாதம் ஒரு தடவை ஊருக்கு ரயிலில் போங்கள் என்றேன். ரயில்வேக்காரன் வேறென்ன சொல்வான் என்று சிரித்தார். ஆனால் பென்சிலை வாங்கித் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

சோறு போடும் வண்டி

அண்ணாச்சி தவறு செய்தாலும் கடை ஓடும். தம்பானூரில் மின்சார ஆட்டோ ஓட்டும், கரிமடம் பக்கத்தில் குடியிருக்கும் நம் பையன் ஒருவனின் நிலை அப்படியல்ல. கேரள அரசு 2019-ல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் நெய்யாற்றின்கரை அருகே ஆறாலும்மூட்டிலுள்ள அரசு நிறுவனமான கேரள ஆட்டோமொபைல்ஸ், "நீம் ஜி" என்ற மின்சார ஆட்டோவைக் கொண்டு வந்தது. தனியார் கம்பெனி வண்டிகளும் வந்தன. பலர் கடன் வாங்கி எடுத்தார்கள். இப்போது அந்த பாட்டரிகளுக்கு வயதாகிறது. "மத்தியானத்துக்கு மேல சார்ஜ் நிக்கல அண்ணே. சாயங்கால சவாரி எல்லாம் போச்சு" என்கிறான் இந்தப் பையன்.

இவன் கணக்கு வேறு. புது பாட்டரி 1,20,000 ரூபாய், 4 வருஷம் உழைக்கும், வருஷத்துக்கு 300 நாள் ஓட்டுவான் என்றால், நாளொன்றுக்கு 100 ரூபாய். சாயங்கால சவாரி போவதால் நாள்தோறும் 250 ரூபாய் இழக்கிறான் என்றால், யோசிக்க ஒன்றுமில்லை; வண்டியின் உடல் நன்றாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் 1,20,000-க்கு எங்கே போவான்? பழைய கடனே தீரவில்லை. கந்துவட்டிக்காரனிடம்தான் போய் நிற்பான்.

இங்கேதான் சர்க்கார் ஓர் அநியாயத்தைக் கவனிக்க வேண்டும். 2019 ஆகஸ்டு முதல் மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே வண்டிக்கு மாற்று பாட்டரி வாங்கினால் 18 சதவீதம்! புது வண்டி வாங்க வசதியுள்ளவனுக்குச் சலுகை. இருக்கிற வண்டியைக் காப்பாற்றப் பார்க்கும் ஏழைக்கு முழு வரி. 1,20,000 ரூபாய் பாட்டரியில் இந்த வித்தியாசம் 13,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆட்டோக்காரன் வீட்டில் அது சிறிய தொகையா?

மாற்று பாட்டரிக்கும் 5 சதவீதமே விதிக்க வேண்டும். கேரள, தமிழக அரசுகள் இரண்டுக்குமே ஜி.எஸ்.டி. கவுன்சிலில் இடம் உண்டு. இரண்டும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். கூட்டுறவு வங்கிகள் பாட்டரிக்கென்று தனிக் கடன் தர வேண்டும். அரசு ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் குறைந்த கட்டணத்தில் பாட்டரியைச் சோதித்துச் சான்று கொடுக்க ஏற்பாடு வேண்டும். பழைய வண்டி கைமாறும்போது அந்தச் சான்று கட்டாயமாக வேண்டும். 2022-ன் பாட்டரிக் கழிவு விதிகள், பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியிருக்கின்றன. ஆகவே பழையதற்கு உரிய விலையைக் கழித்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள்.

அண்ணாச்சி இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் காத்திருக்கலாம். கரிமடத்துப் பையன் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவன் வண்டி நின்றுவிடுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் விரைவில் ஆவன செய்வார்களா?