கொடைக்கானலில் யாரைச் சந்திப்பது?

கறுப்பின இளைஞர்களை யோகா, தியானம், பண்பாட்டுப் பரிமாற்றம் என்று கொடைக்கானலுக்கு அழைத்து வர நினைப்பவர்களை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் பரிமாற்றம் யாரோடு?

1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார. தலித் மாணவர்களிடம் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங் முதலில் அதிர்ந்தார். பிறகு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். அது யோகா வகுப்பில் கிடைக்காது (கிடைத்தால் மகிழ்ச்சி).

பழனி மலையில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆலை மூடியது 2001இல். 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்ததோ 2016இல்தான். உடல்நலம் பற்றிப் பேச இவர்களைவிடத் தகுதியானவர் யார்?

ஏரியைச் சுற்றும் நேரத்தில் பாதியை இவர்களுக்குக் கொடுங்கள். மொழிபெயர்க்க நாங்கள் வருகிறோம்.